யாருடைய விடுமுறை

போன வருஷம் அக்கா மகள் ஏழாம் வகுப்பு முடித்திருந்தாள். லீவுக்குப் படிக்கச் சொல்லிப் பள்ளியில் ஒரு தாள் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். பத்து ஆங்கிலப் புத்தகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் கதைச்சுருக்கம் எழுத வேண்டும், அட்டைப் படத்தைப் பார்த்து வரைய வேண்டும், கீழே ஒரு கட்டம் போட்டு ‘இந்தப் புத்தகத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது’ என்று நிரப்ப வேண்டும். பள்ளி திறக்கும் நாளில் நோட்டைக் கொடுத்தால் இருபது மதிப்பெண்.

மே கடைசி வாரத்தில் ஒரு ராத்திரி அக்கா போன் செய்தாள். “டேய், நீதான் புக்கு புக்குன்னு எதையாவது எழுதிக்கினே இருக்கியே. இதையும் கொஞ்சம் எழுதிக் குடுத்துடுடா. பாப்பா மூணுதான் முடிச்சிருக்கா. அதுலயும் ரெண்டு புரியலன்றா.”

எழுதிக் கொடுத்தேன். ஏழு புத்தகங்கள். அதில் நான்கை நானும் படித்ததில்லை, இணையத்தில் தேடி எடுத்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளை எழுதியது போலவே இருக்க வேண்டும் என்று அங்கங்கே ஒரு எழுத்துப்பிழை, ஒரே வாக்கியத்தில் மூன்று ‘அண்ட் தென்’. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, மறைக்கவில்லை. கடைசிப் புத்தகத்தின் கட்டத்தில் நேர்மையாக இருப்பதன் அவசியத்தை இதில் கற்றுக்கொண்டேன் என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பேனாவை மூடிய பிறகுதான் என்ன எழுதியிருக்கிறேன் என்பது உறைத்தது. பாப்பா அதைப் பார்த்துப் பார்த்துத் தன் கையெழுத்தில் எழுதினாள். இருபதுக்கு பத்தொன்பது வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதே மே மாதத்தில்தான் எங்கள் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு நான் புத்தகம் படிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பையன் என்னை ஏமாற்றிவிட்டான் என்று கோபமும் பட்டேன்.

எங்கள் ஊர் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கத்தில். சென்னையிலிருந்து திருச்சி போகிறவர்கள் திண்டிவனம் தாண்டியதும் இந்தப் பெயரைப் பலகையில் பார்த்திருப்பீர்கள். மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கித் திரும்புவார்கள். மற்றவர்களுக்கு இது டீ குடிக்க வண்டி நிறுத்தும் இடம். ஏப்ரல், மே என்றால் நுங்கு வாங்க நிறுத்தும் இடம். சாலையோரம் ஓலைப் பந்தல் போட்டுக் குலை குலையாக அடுக்கியிருப்பார்கள். பந்தலில் சீவுகிறவர் பெரியவராக இருப்பார். வண்டி மெதுவாகும்போதே கையை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறவன் ஆறாவது, ஏழாவது படிக்கிற பையனாக இருப்பான்.

திண்ணை வாசிப்பு பெரிய திட்டமெல்லாம் இல்லை. வீட்டிலிருந்தபடி வேலை பார்க்கிறவன் நான், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் சும்மா இருந்தேன். சென்னைப் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய மெல்லிய சிறுவர் புத்தகங்கள், பைண்டு பிரிந்த அம்புலிமாமா, லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ் என நூற்றிச் சொச்சம் இருந்தன. பாயை விரித்துப் பரப்பி வைத்தேன். முதல் நாள் மூன்று பேர். பத்தாம் நாள் பதினான்கு பேர். எல்லாம் ஆறு, ஏழு, எட்டு. அதற்குக் கீழே உள்ள வாண்டுகளும் படம் பார்க்க வந்து உட்காரும்.

பதினோராம் நாள் ஒரு தப்பு செய்தேன். “ண்ணா, படிச்சா இன்னா குடுப்பீங்க?” என்று அந்தப் பையன் கேட்டான். நுங்குப் பந்தலில் அவன் அப்பாவோடு நிற்கிறவன். அவனும் ஏழாவது முடித்தவன், பாப்பா வயதுதான். காலையிலிருந்து வெயிலில் நின்றுவிட்டு, நகத்தில் நுங்குக் கறையோடு வருவான். பத்து புத்தகம் முடிக்கிறவனுக்கு ஒரு கிரிக்கெட் பந்து என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுநாளே திண்ணை வேறு இடமாகிவிட்டது. அதுவரை ஒரு காமிக்ஸை நாலு பேர் தலையை முட்டிக்கொண்டு பார்த்தவர்கள், இப்போது மெல்லிசான புத்தகமாகத் தேடினார்கள். பக்கம் திருப்பும் சத்தம் மட்டும் வேகமாகக் கேட்டது.

இப்படித்தான் ஆகும் என்பது எனக்குத் தெரியாததல்ல. 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் செய்த சோதனையை வெளியிட்டார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முதலிலேயே சொன்னார்கள். தந்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், பரிசுக்காக வரைந்தவர்கள் தானாக வரைய உட்காரும் நேரம் மற்ற குழந்தைகளைவிடக் குறைந்திருந்தது. இதைப் பற்றி நான் ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். தெரிந்தவன் செய்கிற தப்புக்குத் தனி ருசி.

அந்தப் பையன்தான் முதலில் பத்து முடித்தான். பந்தையும் கொடுத்தேன், எல்லோரும் கை தட்டினார்கள். நான் அதோடு விட்டிருக்கலாம். “இவ்ளோ படிச்சிருக்க, சின்னப் பசங்களுக்கு ஒரு கத படிச்சுக் காட்டேன்” என்று அவன் கையில் ஒரு புத்தகத்தைக் கொடுத்தேன். முதல் வரியில் ஒரு சொல் படித்தான். அடுத்த சொல்லில் நின்றான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஒரு வாண்டு சிரித்தது. அவன் புத்தகத்தைப் பாயில் வைத்தான், பந்தை அதன் மேல் வைத்தான், எழுந்து போய்விட்டான்.

முதலில் வந்தது கோபம்தான். பத்து நாளாகப் பக்கத்தைத் திருப்பி நடித்திருக்கிறானே என்று. ராத்திரி படுத்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகளை மூடியபோது அவன் இரண்டாம் வகுப்பு. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரை மறுபடி திறந்தது 2021 நவம்பர் 1. அப்போது அவன் நான்காம் வகுப்பு. எழுத்துக் கூட்டிப் படிப்பதிலிருந்து சரளமாகப் படிப்பதற்கு ஒரு பிள்ளை நகரும் காலம் எதுவோ, அதை அப்படியே முழுசாகத் தொலைத்த வகுப்பு இது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் இல்லம் தேடிக் கல்வி வந்தது. அதை 2021 அக்டோபரில் தொடங்கி வைத்ததும் எங்கள் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கம் முதலியார்குப்பத்தில். அப்புறம் பள்ளிக் கல்வித்துறை வாசிப்பு இயக்கம் என்று ஆரம்பித்து, நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டது. நல்ல வேலை. ஆனால் ஏழாவது முடித்த, மீசை அரும்பப்போகிற பையன் எல்லார் முன்னாலும் ‘நுழை’ புத்தகத்தைக் கையில் எடுப்பானா? எடுக்கமாட்டான். காமிக்ஸைப் பிடித்துக்கொண்டு நடிப்பான். நானாக இருந்தாலும் அதையே செய்திருப்பேன்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். ஒரு பிள்ளையின் விடுமுறையை வாங்கி அதில் வாசிப்பை வைக்க நமக்கு என்ன உரிமை?

எளிதான பதில் ஒன்று உண்டு, இளம் வாசகர்களுக்கு அதுதான் பிடிக்கும். எனக்கும் வெகுநாள் பிடித்திருந்தது. வாசிப்பு என்பது சுதந்திரம், கட்டாயப்படுத்தினால் செத்துவிடும். டேனியல் பென்னாக் என்ற பிரெஞ்சு எழுத்தாளர், பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர், 1992-இல் எழுதிய நூலில் வாசகனின் பத்து உரிமைகளைப் பட்டியல் போட்டார். முதல் உரிமையே படிக்காமலிருக்கும் உரிமை. இன்னும் பழைய சாட்சி வேண்டுமென்றால் பிளேட்டோ இருக்கிறார். ‘குடியரசு’ ஏழாம் புத்தகத்தில், சுதந்திரமான மனிதன் எதையும் அடிமையைப் போலக் கற்கக் கூடாது, கட்டாயத்தில் கற்றது மனதில் ஒட்டாது, அதனால் பிள்ளைகளை விளையாட்டு வழியாகப் பழக்குங்கள் என்று சாக்ரடீஸைச் சொல்ல வைக்கிறார்.

ஆனால் ஏதென்ஸில் அடிமைகள் இருந்தார்கள். அடிமையின் பிள்ளைக்கு அந்த விளையாட்டில் இடம் ஏது? சுதந்திரமாகக் கற்கட்டும் என்று நாம் யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பாப்பாவுக்குப் படிக்காமலிருக்கும் உரிமை உண்டு. அவள் வீட்டு அலமாரியில் நாற்பது புத்தகம் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லலாம். நுங்குப் பையன் வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால் வேண்டும் என்று சொல்லும் வாய்ப்பு அவனுக்கு வந்திருக்க வேண்டும். இல்லாத ஒன்றை மறுக்கும் சுதந்திரத்தைக் கொடுத்துவிட்டு நல்லபிள்ளையாக விலகி நிற்பது சுலபம்.

நான் எப்படி வாசகனானேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஆசையால் இல்லை. லீவுக்குப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போவார்கள். மத்தியானம் வெயிலில் வெளியே விடமாட்டார்கள். கரண்ட் இருக்காது. மல்லாட்டை மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பெட்டி, அதில் மாமா விட்டுப்போன இரும்புக்கை மாயாவி, முன்னட்டை இல்லாமல். வேறு வழியில்லாமல் படித்தேன். சலிப்புதான் என்னைக் கட்டாயப்படுத்தியது. நானாகத் தேர்ந்தெடுத்தேன் என்று இத்தனை வருஷம் பெருமை பேசியது பொய், பெட்டியில் இருந்தது அது ஒன்றுதான். இன்று எந்தப் பிள்ளைக்கும் அந்தச் சலிப்பு வாய்ப்பதில்லை. கையில் போன் இருக்கிறது. போனையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, “உனக்கு எது வேணுமோ எடுத்துக்கோ கண்ணு” என்பதைச் சுதந்திரம் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

அப்படியானால் கட்டாயம் வேண்டும் என்கிறேனா? ஏழு பொய்ச் சுருக்கங்களை எழுதிய கை அதைச் சொல்லாது.

வெகுநாள் இந்த இடத்திலேயே முட்டிக்கொண்டு நின்றேன். ஒருநாள் திண்டிவனம் போகும் பஸ்ஸில் ஓமந்தூரார் நினைவு வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார், திண்டிவனம் பக்கத்து ஓமந்தூர்க்காரர், 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். முதலமைச்சரை அன்று அப்படித்தான் சொல்வார்கள். அவர் ஆட்சியில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம் அதுதான். பின்னால் இருந்து உழைத்தவர் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன். 1931-இல் ‘நூலக அறிவியலின் ஐந்து விதிகள்’ எழுதியவர். அதே வருஷம் மன்னார்குடியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோன முயற்சியிலும் அவருக்குப் பங்கு உண்டு.

அந்தச் சட்டத்தில் ஒரு கட்டாயம் இருக்கிறது. நூலக வரி. வீட்டு வரி கட்டுகிறவர்கள் அதோடு சேர்த்து நூலகத்துக்கும் கட்டியாக வேண்டும். ரசீதைப் பாருங்கள், தனி வரியில் இருக்கும். நூலகம் பக்கமே போகாதவரும் கட்டுகிறார். ஆனால் நூலகத்துக்குள் வா என்று சட்டம் ஒருவரையும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயத்தையெல்லாம் வீட்டுக்காரர் தலையில் வைத்துவிட்டு, வாசலில் நிற்கிற பிள்ளைக்குச் சுதந்திரத்தை மட்டும் கொடுத்த சட்டம் அது. ரங்கநாதனின் இரண்டாம் விதியும் அதே திசையில்தான் போகிறது. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் கிடைக்க வேண்டும் என்கிறது அது. அந்தக் கடமை வாசகருக்கு இல்லை, கொடுக்கிறவருக்கு. பள்ளி கொடுக்கிற கோடை வாசிப்புப் பட்டியல் தலைகீழாக இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்தப் பத்தைப் படி என்று பிள்ளைக்குச் சொல்கிற தாள் அது. இந்தப் பத்தைக் கொண்டுவந்து வை, படிக்க நேரமும் நிழலும் கொடு என்று பெரியவர்களுக்குச் சொல்லும் தாளாக அது இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தில் ஆலிங்டன், மெக்கில்-ஃப்ரான்சன் என்ற ஆய்வாளர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். ஏழைப் பிள்ளைகளைத் தாங்களே பன்னிரண்டு புத்தகம் தேர்ந்தெடுக்கச் சொல்லி, கோடை விடுமுறைக்கு முன்னால் சொந்தமாகவே கொடுத்துவிட்டார்கள். இப்படி மூன்று வருஷம். புத்தகம் கிடைத்த பிள்ளைகள், கிடைக்காதவர்களைவிட வாசிப்புத் தேர்வில் முன்னே இருந்தார்கள் என்று 2010-இல் எழுதினார்கள்.

இவ்வளவு சுலபமா என்றால், இல்லை. நேரமும் நிழலும் என்று மேலே எழுதிவிட்டேன். நேரம் யாரிடம் இருக்கிறது? குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்தியபோது, பதினான்கு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று முழுசாகத் தடை போட்டார்கள். கூடவே ஒரு விலக்கும் வைத்தார்கள். ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் முடிந்த பிறகும் விடுமுறையிலும் பிள்ளை உதவலாம். அதாவது சட்டத்தின் கண்ணில் பையனின் மே மாதம் அவன் அப்பாவுடையது. பள்ளிக்கூடத்தின் கண்ணில் பாப்பாவின் மே மாதம் பள்ளிக்கூடத்துடையது. என் கண்ணில் ரெண்டும் என் திண்ணையுடையது. அவர்களைக் கேட்டவர் யார்?

அவன் அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நுங்கு வருஷத்தில் மூன்று மாதம்தான். பனை ஏற ஆள் கூலி, வண்டி வாடகை போக மிஞ்சுவதை வைத்துத்தான் ஜூனில் நோட்டும் செருப்பும் வாங்க வேண்டும். பையனும் அதை முகம் சுளித்துச் செய்யவில்லை. வண்டி எண்ணைப் பார்த்தே எந்த ஊர்க்காரன் பேரம் பேசுவான் என்று சொல்வான். அது ஒரு படிப்பு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். அது மட்டும் போதும் என்றும் சொல்லமாட்டேன். கட்டுரை எழுதுகிறவர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே ‘வாழ்க்கைதான் பெரிய புத்தகம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார்கள், தங்கள் பிள்ளையை மட்டும் டியூஷனுக்கு அனுப்பிவிட்டு.

பந்து நடந்த சம்பவத்துக்கு முன்னால் இன்னொன்று நடந்தது. அவன் திண்ணைக்கு வந்த முதல் வாரத்தில் ரெண்டு தடவை புத்தகத்தை மடியில் வைத்தபடியே தூங்கிவிட்டான். நான் தட்டி எழுப்பினேன். “தூங்கறதுக்கா வந்த?” என்றுகூடக் கேட்டேன். இப்போது அதை நினைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றுகிறது. செஞ்சிப் பக்கம் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கிறது. இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்க ஒரு காலத்தில் சமணம் தழைத்த நிலம். சமணத் துறவிகள் படுத்திருந்த குகைகளில் வழுவழுவென்று வெட்டிய கல் படுக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் பள்ளி. படுக்கும் இடம். அவர்கள் தங்கிய இடத்திலேயே ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததால்தான் பள்ளிக்கூடம் என்ற சொல் வந்தது என்பார்கள். கிரேக்கத்தில் ‘ஸ்கோலே’ என்றால் ஓய்வு, ‘ஸ்கூல்’ அதிலிருந்து வந்தது. ரெண்டு மொழியும் வேறு வேறு வழியில் நடந்து ஒரே இடத்துக்கு வந்திருக்கின்றன. படிக்க வருகிறவன் முதலில் களைப்பாற வேண்டும். காலை எட்டிலிருந்து தார் ரோட்டில் நின்ற பிள்ளை என் திண்ணையில் செய்த ஒரே நேர்மையான காரியம் அந்தத் தூக்கம்தான். அதைப் போய் எழுப்பினேன்.

சம்பவம் நடந்து நாலு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் பந்தலுக்குப் போனேன். அப்பா சீவிக்கொண்டிருந்தார். “ஐம்பது ரூபாய்க்குக் குடுங்க” என்றேன். பையன் கவரில் போட்டுக்கொண்டே என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் கூடவே நடந்து வந்தான்.

“கோவமாண்ணா?”

“எனக்கு இன்னா கோவம். பந்து உன்னுதுதான். வந்து எடுத்துக்கோ.”

“வேணாண்ணா. நான் படிக்கல.” கொஞ்சம் பொறுத்து, “எழுத்து தனித்தனியா தெரியும்ணா. சேத்தா ஓடிப்போயிடுது.”

அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. முன்பலகையைக் காட்டி என்ன ஊர் என்றேன். “மயிலம் வழி பாண்டி” என்றான், சட்டென்று. “எப்பிடிப் படிச்ச?” “அது டெய்லி பாக்கறதுதானே.” சிரித்துவிட்டான். நானும் பெரிய வாத்தியார் மாதிரி, அதேதான் விஷயம், தினமும் பார்த்தால் ஓடாது என்று ஏதோ சொன்னேன்.

மறுநாள் இருட்டினதும், மற்ற பிள்ளைகள் போன பிறகு வந்தான். பாயின் ஓரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த, பக்கத்துக்கு ரெண்டு வரி உள்ள புத்தகங்களில் மூன்றை எடுத்தான். “தங்கச்சிக்குண்ணா” என்றான். அவன் தங்கச்சிக்கு அப்போது ஒரு வயது. “சரி, அவளுக்குப் படிச்சுக் காட்டு” என்றேன். இப்படியாக அந்த மே மாதத்தில் மூன்றாவது பொய்யிலும் நான் சேர்ந்தேன். முதல் பொய் மதிப்பெண்ணுக்காக, ரெண்டாவது பந்துக்காக. மூன்றாவது எதற்காக என்று யோசித்தால், மானத்தோடு கற்றுக்கொள்வதற்கு ஒரு மறைப்பு வேண்டியிருந்தது. பொய் எப்போதும் தப்பு என்று கான்ட் சொல்வார். கான்ட்டுக்கு ஏழாவது படித்துவிட்டு எழுத்துக் கூட்டும் நிலை வந்திருக்காது என்று வைத்துக்கொள்வோம்.

பள்ளி திறக்கும்வரை தினமும் இருட்டினதும் வந்தான். சில நாள் பத்து நிமிஷம் கூட்டிப் படிப்பான். சில நாள் வந்ததும் படுத்துவிடுவான், நான் ஃபேனைத் திருப்பி வைப்பேன். ஜூனில் எட்டாவது போனான். சரளமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டான் என்றெல்லாம் சொல்ல முடியாது. நான் கொடுத்த புத்தகங்களில் ரெண்டு நுங்குக் கறையோடு திரும்பி வந்தன, ஒன்று வரவில்லை. பந்து இன்னும் என் ஜன்னலில்தான் இருக்கிறது.

இந்த மே மாதமும் பாப்பாவுக்குத் தாள் வந்தது. இந்த முறை பன்னிரண்டு புத்தகம். அக்கா போன் செய்தபோது, எழுத முடியாது என்றேன். “ஊருக்கெல்லாம் உக்காந்து படிக்கச் சொல்லிக் குடுக்கற, என் புள்ளைக்கு மார்க்கு போனா உனக்கு இன்னா?” என்றாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. விதியை எதிர்க்கும் தைரியம் எனக்கு, அதற்கான நஷ்டம் பாப்பாவுக்கு. இதையும் நான் யாரையும் கேட்டுச் செய்யவில்லை. அப்புறம் பாப்பா போனை வாங்கினாள். பன்னிரண்டில் நாலைந்துதான் பிடித்திருக்கிறது, ஒன்றைப் பதினான்காம் பக்கத்தோடு மூடிவிட்டேன் மாமா, அதற்கு என்ன எழுதுவது என்று கேட்டாள். பதினான்காம் பக்கத்தில் மூடிவிட்டேன், ஏனென்றால் இப்படி என்று ஒரு பக்கம் எழுது என்றேன்.

“அப்பிடி எழுதலாமா?”

தெரியவில்லை பாப்பா என்றேன். எழுதிவிட்டாளாம். பின்னால் அக்கா, எதற்கும் இருக்கட்டும் என்று அதே புத்தகத்துக்கு இணையத்திலிருந்து ஒரு சுருக்கத்தையும் எடுத்துத் தனித் தாளில் எழுத வைத்திருக்கிறாள். எந்தத் தாளை நோட்டில் ஒட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை. திங்கள்கிழமை பள்ளி திறக்கிறது.